ஏல, நீ யாரு? - பிரவுசர்கள் பொய் சொல்லப் பழகின கதை

போன மாசம் சித்தி பையன் போன் பண்ணதுல இருந்து இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதிட்டாத்தான் நிம்மதி.

அவன் இருக்கிறது மணிமுத்தாறு. ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடணும், மறுநாள் கடைசி தேதி. வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். தளத்தைத் திறந்தா 'கணினியில் இருந்து வரவும்'னு ஒரே ஒரு வரி.

"அண்ணே, காலைல அம்பைக்கு பஸ் ஏறி பிரவுசிங் சென்டர்தான் போகணுமோ?"

"ஏல, குரோம்ல மேல மூணு புள்ளி இருக்கும்லா? அதுல 'டெஸ்க்டாப் சைட்'ட டிக் பண்ணு."

பண்ணினான், திறந்துச்சு. எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். விரலால இழுத்து இழுத்து, ராத்திரி பதினொண்ணுக்கு அனுப்பி முடிச்சான்.

அந்த டிக் என்ன செஞ்சுது? அவன் போன் அந்தத் தளத்துக்கிட்ட, 'நான் லினக்ஸ் ஓடுற கம்ப்யூட்டர்'னு பொய் சொல்லுச்சு. போனும் மாறல, பையனும் மாறல. கதவு மட்டும் திறந்துச்சு. இந்தப் பொய்க்கு முப்பது வருச வரலாறு இருக்கு.

நாம ஒரு பக்கத்தைக் கேக்கும்போது, பிரவுசர் தன்னைப் பத்தி ஒரு வரியும் சேர்த்து அனுப்பும். அதுக்குப் பேரு யூசர் ஏஜெண்ட். 1996 மே மாசம் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணத்துல இது எதுக்குன்னு சொல்லியிருக்காங்க: புள்ளிவிவரம் எடுக்க, தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க, ஒரு பிரவுசரால முடியாததைத் தவிர்த்து அதுக்கு ஏத்த மாதிரி பதில் தர. நல்ல எண்ணம்தான். ஆனா அதுக்கு முன்னாலேயே வினை ஆரம்பிச்சாச்சு.

நெட்ஸ்கேப் தன்னை 'மொசில்லா'ன்னு சொல்லிக்கும். பக்கத்தைத் துண்டு துண்டாப் பிரிக்கிற ஃபிரேம் வசதி அதுல வந்ததும், தளம் நடத்துறவங்க 'மொசில்லாவா? உள்ள வா. இல்லையா? உனக்கு பழைய பக்கம்'னு கோடு எழுதினாங்க. மைக்ரோசாஃப்ட் பார்த்துச்சு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் 'நானும் மொசில்லாதான் (ஒத்துப்போறவன்)'னு சொல்லிக்கிட்டு உள்ள நுழைஞ்சுது. 2003ல சஃபாரி வந்தப்போ 'மொசில்லா, கெக்கோ மாதிரி'ன்னுச்சு. 2008ல குரோம் எல்லாத்தையும் சேர்த்து 'மொசில்லா, கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி'ன்னு நாலு இனிஷியல் போட்டுக்கிச்சு. இன்னிக்கும் கிட்டத்தட்ட எல்லா பிரவுசரும் 'மொசில்லா/5.0'ன்னுதான் வாயைத் திறக்கும். நெட்ஸ்கேப் செத்து எவ்வளவோ வருசம் ஆச்சு :-)

இந்தக் கூத்துல தமிழ் பட்ட பாடு தனி. யூனிகோட் பரவுறதுக்கு முன்னால ஆளுக்கொரு எழுத்துரு. படிக்கிறவன் இறக்கி நிறுவாமலே எழுத்து தெரியணும்னா டைனமிக் ஃபான்ட். அது ஐ.ஈ.க்கு ஈ.ஓ.டி., நெட்ஸ்கேப் 4க்கு பி.எஃப்.ஆர்.னு ரெண்டு கோப்பு. 2000ல வந்த நெட்ஸ்கேப் 6 பி.எஃப்.ஆரைக் கைவிட்டுருச்சு. ரெண்டுலயும் சேராத பிரவுசர்ல வந்தவனுக்கு? '¾Á¢ú' மாதிரி பூச்சி எழுத்து.

என் தலைமுறைக்கு அந்தப் பூச்சி தெரியாது, எங்களுக்கு வாய்ச்சது கட்டம். பள்ளிக்கூடம் படிக்கும்போது கையில நோக்கியா, அதுல ஓபரா மினி. தமிழ்ப் பக்கம் திறந்தா வரிசையா கட்டம். கான்ஃபிக் பக்கத்துக்குப் போய் 'பிட்மேப் ஃபான்ட்'டை 'யெஸ்'னு மாத்தினா, அவங்க சர்வரே தமிழைப் படமா வரைஞ்சு அனுப்பும். முதல் தடவை தமிழ் தெரிஞ்சப்போ ஏற்பட்ட சந்தோசம் இன்னும் மறக்கல. கவனிங்க, அந்தப் போன்ல தமிழ் எழுத்துருவே கிடையாது. 'நீ எந்த மாடல்'னு கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தா கதை முடிஞ்சுருக்கும். 'உன்னால படம் காட்ட முடியும்லா, போதும்'னு சொன்னதாலதான் நான் தமிழ் படிச்சேன்.

போன்கள் பெருகினதும் பட்டியல் போடுற வேலை ஆரம்பிச்சுது. வுர்ஃபில்னு ஒரு பெரிய கோப்பு, ஒவ்வொரு மாடலுக்கும் திரை எவ்வளவு, படம் தெரியுமானு குறிச்சு வச்சிருக்கும். புது மாடல் வர வர பட்டியலும் வளரணும். ஊருக்குள்ள புதுசா யார் வந்தாலும் தலையாரி எழுதி வச்சுக்கிற கணக்கு. 2010ல ஈதன் மார்காட் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' கட்டுரை எழுதி வேற வழி காட்டினார்: ஆளைக் கேக்காத, அகலத்தைப் பாரு. திரை எவ்வளவோ அதுக்குத் தக்கன பக்கமே மடங்கி விரியட்டும்.

அதுக்கப்புறமும் கேக்கிறவங்க நிறுத்தல, பொய்யும் நிக்கல. 2019ல ஐபேட் தன்னை 'மேக் கம்ப்யூட்டர்'னு சொல்ல ஆரம்பிச்சுது. 2023ல குரோம் எல்லா ஆண்ட்ராய்டு போனையும் 'ஆண்ட்ராய்டு 10, கே'ன்னு ஒரே பேர்ல அனுப்ப ஆரம்பிச்சுது, ஆளை அடையாளம் வச்சுப் பின்தொடரக் கூடாதுன்னு. உண்மையிலேயே தேவைப்பட்டா 'மொபைலா, இல்லையா'ன்னு மட்டும் சொல்ல கிளையண்ட் ஹின்ட்ஸ்னு தனி வழி குரோம்ல இருக்கு. ஆப் இறக்குற சுட்டி எந்தக் கடைக்குப் போகணும்ங்கிற மாதிரி விசயத்துக்குக் கேக்கலாம், தப்பில்ல. வாசல்ல நிப்பாட்டுறதுக்குக் கேக்கிறதுதான் தப்பு.

நம்ம ஊர்ல இது புதுசா என்ன? 'தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?' கேக்கிறது தெருவை, தெரிஞ்சுக்க நினைக்கிறது வேற. பதிலைப் பொறுத்து டம்ளர் மாறும், வாடகை வீடு இல்லைம்பாங்க. அதனாலேயே தெரு பேரை மாத்திச் சொல்லிப் பழகினவங்களை எனக்குத் தெரியும். பொய் சொன்னது அவங்க குத்தமில்ல, கேட்ட கேள்வி அப்படி.

கொக்கிரகுளத்துல தாமிரபரணி மேல நிக்குது சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தவர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினது, 1843ல திறந்தது. மாட்டு வண்டி போச்சு, நடந்தவன் போனான், இன்னிக்கு பஸ் போகுது. பின்னால அகலப்படுத்தினாங்களே தவிர, 'நீ எந்த வகை வண்டி, உனக்குத் தனிப் பாலம்'னு யாரும் சொல்லல.

கடைசியா ஒரு ஒப்புதல். சித்தி பையன் பேசின மறுநாள், ஆபீஸ்ல எங்க புராஜெக்ட்ல 'மொபைல்'னு தேடினேன். ரெண்டு வருசம் முன்னால எழுதின ஒரு 'இஃப்' மாட்டுச்சு: யூசர் ஏஜெண்ட்ல 'மொபைல்'னு இருந்தா ஃபார்மைக் காட்டாத. எழுதினவர் பேரு பார்த்தா... நான்தான். அன்னிக்கு டெட்லைன், சின்னத் திரைக்கு அந்த ஃபார்மை மடக்க நேரமில்ல, ஒரே வரியில வேலையை முடிச்சிருக்கேன். இப்போ அதை எடுத்துட்டு ஃபார்மை ஒழுங்காக் கட்ட மூணு நாள் ஆச்சு. அந்த ஒரு வரியால எத்தனை பேரு எந்த ஊர்ல பஸ் ஏறினாங்களோ, அது எந்த லாக்லயும் இருக்காது.

டிஸ்கி: கோடு எழுதுற மக்கா, உங்க புராஜெக்ட்லயும் ஒரு தடவை தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, சிரிக்க மாட்டேன் :-)