எல்லைப்புறத்து மந்தை நாய்

இங்கிலாந்தையும் ஸ்கொத்லாந்தையும் பிரிக்கும் எல்லைப்புறம் குன்றுகளும் புல்வெளிகளும் நிறைந்த பிரதேசமாகும். அங்கே பரந்த மேய்ச்சல் நிலங்களிற் சிதறி மேயும் ஆடுகளைத் தனியொரு மனிதன் ஒன்றுசேர்ப்பது ஆகாத காரியம். அத்தேவையினால் உருவானதே இன்று உலகெங்கும் 'போடர் கொலி' என வழங்கும் மந்தை நாய். 'போடர்' என்பது எல்லையைக் குறிக்கும் சொல்.

மந்தை நாயின் தொழில் அந்நாட்டுக்குப் புதியதன்று. பிரித்தானிய நாய்களைப் பற்றி 1570ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் நூல் எழுதிய ஜோன் கேயஸ் என்னும் மருத்துவர், இடையனின் குரலையோ சீழ்க்கையையோ கேட்டதும் ஆடுகளை அவன் விரும்பிய இடத்துக்கு ஓட்டிவரும் நாயைக் குறிப்பிட்டுள்ளார்.

ஆயினும், நல்ல நாய் எதுவென்பதை நெடுங்காலம் அவ்வவ்வூர் இடையரே அறிந்திருந்தனர். 1873இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் நடைபெற்ற போட்டியிலே நாய்களின் திறமை பலர் முன்னிலையில் ஒப்புநோக்கப்பட்டது. ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவரின் 'ட்வீட்' என்னும் நாய் அதில் வென்றது.

இருபது ஆண்டுகளின்பின், 1893இல், நோதம்பர்லாந்தில் அடம் டெல்பர் என்னும் விவசாயியிடம் 'ஹெம்ப்' பிறந்தது. தந்தை ரோய் சாதுவானது, தொழிலிற் சாமானியமானது. தாய் மெக் கூரிய பார்வையுடையது. ஆனால் மிகுந்த கூச்சமுள்ளது. இரண்டின் நற்குணங்களும் குட்டியிடம் ஒருங்கே அமைந்தன. ஹெம்ப் ஆரவாரமின்றி, ஆடுகளை உற்றுநோக்கி, அப்பார்வையினாலேயே அவற்றை நகர்த்தியது. 1901இல் இறக்குமுன் ஏறக்குறைய 200 குட்டிகளுக்கு அது தந்தையாயிற்று. இன்றைய போடர் கொலி இனத்தின் மூதாதையாக அதுவே மதிக்கப்படுகின்றது.

1906இல் சர்வதேச மந்தை நாய்ச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட் 1915இல் 'போடர் கொலி' என்னும் பெயரை வழக்கிற் கொணர்ந்தார்.

அழகுக் காட்சிகளை நடத்தும் கழகங்கள் இவ்வினத்தைப் பிற்காலத்திலேயே ஏற்றன. பிரித்தானியாவில் 1976இலும், அமெரிக்காவில் 1995இலும் அது நிகழ்ந்தது. அமெரிக்காவில் மந்தை நாய் வளர்ப்போர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். காதின் நிமிர்வையும் மயிரின் செறிவையும் பார்த்து இணை சேர்த்தால், ஆட்டை ஆளும் அப்பார்வை சில தலைமுறைகளில் மங்கிவிடும் என அவர்கள் அஞ்சினர். சர்வதேசச் சங்கத்தின் போட்டிகளில் இன்றும் நாயின் உருவத்துக்குப் புள்ளி கிடையாது. வமிசாவளி அறியப்படாத நாயும் தொழிலிலே தேறினால், அச்சங்கத்தின் ஏட்டில் இடம்பெறலாம்.