பெறுபேற்றுக்கு விலை வைத்த வகுப்பறை

இலங்கையில் கல்விச் சீர்திருத்தம் என்பது புதிய சொல் அல்ல. 1930களிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தடவையாவது அச்சொல்லைக் கேட்டிருக்கின்றது. மனனம் செய்விக்கும் முறை ஒழியவேண்டும், பிள்ளையின் படைப்பாற்றல் வளரவேண்டும், கற்றல் வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. சொன்னவர்களின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் வகுத்த திட்டங்களிற் பலவும் நல்ல திட்டங்களே. ஆயினும் ஒவ்வொரு தடவையும் வகுப்பறை சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

பழியை ஆசிரியர்மீது சுமத்துவது எளிது. பெற்றோரின் பேராசையைக் காரணங்காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு வேறொரு காரணம் தென்படும். வகுப்பறையை மாற்ற முயன்றவர்கள், அந்த வகுப்பறைக்கு விலை நிர்ணயிக்கும் பரீட்சையை அநேகமாகத் தொடாமலே விட்டுவிட்டார்கள்.

எட்டு ஷில்லிங்கின் கதை

இக்கதையின் தொடக்கத்தைத் தேடி 1862ஆம் ஆண்டின் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டும். றொபேர்ட் லோ என்பவர் அப்போது கல்விப் பொறுப்பை வகித்தார். ஆரம்பப் பாடசாலைகளுக்கு அரசு வழங்கும் பணம் வீணாகின்றதா என்ற கேள்வி எழுந்தபோது, அவர் வணிகர் பாணியில் ஒரு தீர்வைக் கண்டார். பரிசோதகர் பாடசாலைக்கு வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். மூன்றிலும் தேறிய பிள்ளைக்கு எட்டு ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டப்படும். 'பெறுபேற்றுக்கேற்ற கொடை' என்று இதனைத் தமிழில் சொல்லலாம்.

கவிஞராக உலகம் அறிந்த மத்தியூ ஆர்னோல்ட் அக்காலத்தில் பாடசாலைப் பரிசோதகராகத் தொழில் பார்த்தவர். இந்த முறையை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். சாமர்த்தியமாக ஆயத்தஞ் செய்தால், உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையைக்கூட வாசிப்புப் பரீட்சையில் தேறச் செய்துவிடலாம் என்பதை அவர் தமது அறிக்கைகளில் எடுத்துக்காட்டினார். குறித்த புத்தகத்தை முழுமையாக மனனஞ் செய்துவிட்டால் போதும் அல்லவா?

இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பரிசோதகராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வுபெற்ற பின் 1911இல் வெளியிட்ட நூலில், இம்முறை ஆசிரியரின் சுதந்திரத்தையும் பிள்ளையின் ஆர்வத்தையும் எவ்வாறு அழித்தது என்று கடுமையாக எழுதினார். முறை ஒழிந்த பின்னரும் அது உண்டாக்கிய பழக்கம் ஒழியவில்லை என்பதே அவரது கவலை.

இந்த முறை இலங்கைக்கும் வந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதையடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்கு இதே அடிப்படையில் பணம் வழங்கப்பட்டது. மிஷன் பாடசாலைகள் நிறைந்திருந்த யாழ்ப்பாணத்தில் பரிசோதகர் வரும் நாள் எத்தகைய நாளாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆசிரியரின் சம்பளம் பிள்ளையின் வாயிலிருந்து வரும் விடையிற் தங்கியிருந்தது. விடையே வேண்டப்பட்ட இடத்தில் வினாவுக்கு இடமிருக்கவில்லை.

ஹந்தெஸ்ஸவும் கன்னங்கராவும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சரானார். 1947 வரை அப்பதவியில் இருந்த அவரை இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் போற்றுகின்றோம். அவரது காலத்தில் நடந்த மற்றொரு முயற்சியை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். 1930களில் கண்டிக்கு அருகேயுள்ள ஹந்தெஸ்ஸ என்ற கிராமத்தில் தொடங்கிய கிராமக் கல்வித் திட்டமே அது.

அத்திட்டத்தில் கிராமமே பாடநூலாயிற்று. பயிர்ச்செய்கை, கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றோடு எழுத்தும் கணக்கும் இணைக்கப்பட்டன. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பற்றி 1937இல் வார்தாவில் மாநாடு கூடுமுன்னரே இலங்கையில் இவ்வாறான சிந்தனை முளைவிட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் அது நிலைக்கவில்லை. ஆங்கிலம் படித்து உத்தியோகம் பெற்றவனே முன்னேறியவன் என்ற நிலை நாட்டில் இருக்கும்போது, தன் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியும் தறியும் ஏன் என்று கிராமத்துத் தகப்பன் கேட்டான். அக்கேள்வியில் நியாயம் இருந்தது.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தனது அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற அதன் பரிந்துரை 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் வேறுபட்ட திறமைகளுக்கு ஏற்ப வெவ்வேறு வகைப் பாடசாலைகள் வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. அந்தப் பகுதி ஏட்டிலேயே நின்றுவிட்டது. கதவு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. உள்ளே கற்பிக்கும் முறை சிலருக்காக வகுக்கப்பட்ட பழைய முறையாகவே இருந்தது.

கிராமங்களில் 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன. வறிய குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளை அங்கு விடுதியில் தங்கிப் படிக்கப் பணவுதவி தேவை; அப்பிள்ளையைத் தெரிவுசெய்ய ஒரு பரீட்சை தேவை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பிறந்த கதை இதுதான். ஏழைப் பிள்ளைக்கு ஏணியாகப் பிறந்த அப்பரீட்சை, பிற்காலத்தில் பிரபல பாடசாலைகளின் வாயிற்காவலனாக மாறியது.

1972: நல்ல எண்ணமும் கெட்ட காலமும்

1971 ஏப்ரல் கிளர்ச்சி ஆட்சியாளரை உலுக்கியது. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களே அதில் பெருமளவு பங்குகொண்டனர். மறு ஆண்டே பாரிய கல்விச் சீர்திருத்தம் தொடங்கியது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை அறிமுகமாகி, 1975இல் முதன்முறையாக நடைபெற்றது. ஒன்றிணைந்த விஞ்ஞானமும் சமூகக் கல்வியும் வந்தன. தொழில் முன்னிலைப் பாடங்கள் என்ற பெயரில் விவசாயம், மீன்பிடி, நெசவு முதலிய உள்ளூர்த் தொழில்கள் பாடங்களாயின. ஊரிலுள்ள தொழிலாளியிடம் சென்று அவரது அனுபவத்தைக் கேட்டறிவதும் கல்வியே என்ற எண்ணம் அதன் உள்ளே இருந்தது.

தமிழ்ப் பகுதிகளில் இச்சீர்திருத்தம் எப்படி வரவேற்கப்பட்டிருக்கும்? அதே ஆண்டுகளிற்தான் பல்கலைக்கழக அனுமதியிற் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. தமிழ் மாணவன் பொறியியல், மருத்துவ பீடங்களுக்குள் நுழையக் கூடுதலான புள்ளி பெறவேண்டும் என்ற நிலை உருவாயிற்று. ஒரு புள்ளியும் அரைப் புள்ளியும் ஓர் இனத்தின் எதிர்காலமாகப் பேசப்பட்ட காலத்தில், வகுப்பறையிற் தேடிக் கற்கும் சுகத்தைப் பற்றி யார் பேசமுடியும்? யாழ்ப்பாணத்தில் ரியூற்றரிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. புள்ளிமீது எமக்கு ஏற்பட்ட வெறி எமது இயல்பிலிருந்து மட்டும் வந்ததல்ல. அநீதி ஒன்றுக்கு எதிராக நாம் கையிலெடுத்த ஆயுதம் அது. ஆபத்து நீங்காதவரை ஆயுதத்தைக் கீழே வைக்க எவருக்கும் மனம் வராது.

1977இல் ஆட்சி மாறியது. புதிய அரசு சாதாரண தரப் பரீட்சையை மீண்டும் கொண்டுவந்தது. தொழில் முன்னிலைப் பாடங்கள் மறைந்தன. ஒரு விதை முளைத்ததா இல்லையா என்று அறியப் போதிய காலம் கொடுக்கப்படவில்லை.

1997: விளையாட்டும் மேசை வேலையும்

அடுத்த பெரிய முயற்சி 1997இல் அறிவிக்கப்பட்டது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் தொடங்கி, 1999இல் நாடெங்கும் விரிந்தது. ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்றின் வழியாகவும் பிள்ளை கற்கவேண்டும் என்று வகுக்கப்பட்டது. பின்னர் 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் இடைநிலை வகுப்புகளுக்கு வந்தது. ஆசிரியர் சொல்ல மாணவன் எழுதும் முறையைவிட்டு, மாணவன் தேடிக் கண்டறிய ஆசிரியர் துணைநிற்கும் முறையை அது வேண்டியது.

இக்காலத்தில் ஆசிரியர்கள் பலருடன் உரையாடும் வாய்ப்புப் பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்குக் கிட்டியது. புதிய முறையை வெறுத்தவர்கள் அவர்களில் அரிது. முதலாம், இரண்டாம் தரங்களிற் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வருவதைப் பெருமையோடு கூறினார்கள். நான்காம் தரத்தை எட்டியதும் அவர்களது குரல் மாறிவிடும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாதம் என்ற கணக்கு அங்கே தொடங்கிவிடுகின்றது. பாடசாலை மட்டக் கணிப்பீடும் இப்படித்தான். பல்கலைக்கழகத் தெரிவில் அதற்குப் பெறுமதி இல்லை என்று தெரிந்த பின், அது பதிவேடுகளை நிரப்பும் வேலையாகச் சுருங்கிப்போயிற்று.

பத்திரிகைகளும் இதற்குப் புறம்பானவை அல்ல. புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வெளிவரும் நாளில் விற்பனை உயரும் என்பது எமது தொழிலில் எல்லோரும் அறிந்த சங்கதி. பெறுபேறு வந்ததும் முதலிடம் பெற்ற பிள்ளையின் படம் முதற் பக்கத்தை அலங்கரிக்கும். அன்று மாலை எத்தனை வீடுகளில் பத்து வயதுப் பிள்ளையொன்று தான் தோற்றுவிட்டதாக எண்ணி அழுதது என்பது எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. அண்மைக் காலத்திலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் அப்பரீட்சைக்குத் தோற்றி வந்திருக்கின்றனர்.

பேனைகள் சொன்ன பாடம்

பரிசு காட்டினால் ஆர்வம் வளராதா என்று சிலர் கேட்கலாம். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமானது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில், வண்ணப் பேனைகளால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பங்கொண்ட பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, படம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. வேறொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லாமல் முடிவில் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றுமே இல்லை.

ஓரிரு வாரங்களின் பின் அதே பேனைகள் வகுப்பறையில் வைக்கப்பட்டன. பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய அரைவாசியையே வரைவதில் செலவிட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. பரீட்சை முடிந்த மாலையே புத்தகங்களைக் கட்டி மூலையிற் போடும் எமது பிள்ளைகளை நினைத்துப்பாருங்கள். அவர்களுக்குக் கற்றலில் விருப்பம் இல்லாமற் போனது எப்படி என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தொட்டவர்களும் தொடாதவர்களும்

இலங்கை சீர்திருத்தம் அறிவித்த அதே 1997இல், சிங்கப்பூரும் சிந்திக்கும் பாடசாலைகள் என்ற கொள்கையை அறிவித்தது. பாடங்களின் சுமை குறைக்கப்பட்டது. 2005இல் குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கச் செய்தல் என்ற திட்டம் தொடர்ந்தது. இவ்வளவும் செய்தும் பெற்றோரின் பதற்றம் தணியவில்லை. அதன் பின்னரே அவர்கள் பரீட்சைமீது கைவைத்தார்கள். 2019இல் முதலிரு தொடக்கநிலை வகுப்புகளில் புள்ளி கணக்கிடும் பரீட்சைகள் ஒழிந்தன. 2021இல் ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சையின் புள்ளி முறை தளர்த்தப்பட்டது. 2023க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுப் பரீட்சை நிறுத்தப்பட்டது. ரியூசன் அங்கும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் எதைத் தொடவேண்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இங்கிலாந்தும் 1965க்குப் பின் பதினொரு வயதுப் பரீட்சையைப் பெரும்பாலும் கைவிட்டது. எஞ்சியிருப்பவை 163 தெரிவுப் பாடசாலைகள் மட்டுமே. இலண்டனில் வாழும் எமது உறவுகளில் எத்தனை பேர் அந்தச் சில இடங்களுக்காகப் பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் ரியூசனுக்கு அனுப்புகின்றார்கள் என்பது வாசகர்கள் அறியாததல்ல. தரப்படுத்தல் இல்லாத நாட்டுக்கும் நாம் அந்தப் பழைய ஆயுதத்தைச் சுமந்து சென்றிருக்கின்றோம்.

2025இல் இலங்கை அரசு மற்றுமொரு சீர்திருத்தத்தை அறிவித்தது. அது வெல்லுமா என்று கேட்பவர்களுக்கு நான் கூறக்கூடியது ஒன்றுதான். புதிய பாடநூலைப் பார்க்காதீர்கள். ஐந்தாம் தரப் பரீட்சை என்ன ஆகின்றது என்று பாருங்கள். வறிய பிள்ளைக்குப் பணவுதவி வேண்டுமெனில் குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கலாம். அதற்குப் பத்து வயதுப் பிள்ளைகள் அனைவரையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. அயலிலுள்ள பாடசாலை நல்ல பாடசாலையாகிவிட்டால், தொலைவிலுள்ள பிரபல பாடசாலைக்கு வாயிற்காவலன் எதற்கு?

பரீட்சை இல்லாவிட்டால் எமது பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று அஞ்சுபவர்களுக்கு, எமது மண்ணிலேயே ஒரு மறுமொழி உண்டு. 1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டில் இலவச வாசிகசாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. குடாநாட்டின் கிராமங்களிலும் சனசமூக நிலையங்கள் இருந்தன. தோட்ட வேலை முடித்து வந்தவர்கள் அங்கே பத்திரிகை வாசித்து, உலக விவகாரம் பேசி, வாதாடிவிட்டு வீடு சென்றார்கள். அவர்களுக்கு எவரும் புள்ளி இடவில்லை. சான்றிதழ் கொடுக்கவும் இல்லை. ஆயுள் முழுவதும் கற்பது என்று இன்று கல்வியியலாளர் பேசுவதை, அவர்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.