அடிக்கோடும் மலைப்பாதையும்

இராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ மேற்கே பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். கைப்பேசியின் நிலப்படத்தில் அதே மலைமீது வளைகோடுகள் ஓடுகின்றன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் அவை. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து. விலகினால் ஏறுவது எளிது. இவ்வுயரங்களை எப்படி அளந்தார்கள்?

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அடிக்கோடும், அதன் இரு முனைகளில் அமையும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? இவ்வாறு முக்கோணம் முக்கோணமாகத் தென்னாடு அளக்கப்பட்டது.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் இரண்டு ரேடார் ஆண்டெனாக்களுடன் பறந்தது. அவற்றின் இடைவெளி 60 மீட்டர். அதுவே புதிய அடிக்கோடு! இரண்டையும் வந்தடைந்த அலைகளின் கட்ட வேறுபாட்டிலிருந்து உலக நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு உயரம் கணக்கிடப்பட்டது. இன்றைய இணைய நிலப்படங்கள் பலவற்றுக்கு அதுவே ஆதாரம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அடர்ந்த காட்டில் அந்த அலைகளில் பெரும்பகுதி தரையை எட்டாமல் இலைக்கூரையில் பட்டே திரும்பியது. ஆகவே, படம் காட்டும் உயரத்தில் மரத்தின் உயரமும் கலந்திருக்கும். சிறிய பாறைச்சரிவு ஒன்று அதில் தெரியாமலே போகலாம். 2021-இல் புலிகள் காப்பகமான இக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி பெற்றுச் செல்பவரும் கோட்டை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. படம் வழியைச் சொல்லும். காலடியைக் கண்தான் பார்க்கவேண்டும்.