படவரைஞர் மேசையும் சவாரித்தம்பரும்

விடத்தல்தீவில் எங்கள் வீட்டுக்கு மாலை வேளைகளில் தமிழ் இலக்கியம் படிக்க வருகிற பையன் ஒருவன் இருக்கிறான். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருப்பவன். சென்ற மாதம் அவனுடைய கட்டுரைக் கொப்பியைத் திருத்துவதற்காகக் கையில் எடுத்தேன். கட்டுரை இரண்டு பக்கந்தான். ஓரங்களிலும் பின் ஒற்றைகளிலும் சித்திரம் பத்துப் பக்கத்துக்கு இருந்தது. வலையிலிருந்து நண்டு கழற்றுகிறவர்கள், மீன் வாங்க வந்த வியாபாரியோடு விலை பேசுகிற ஒரு மூதாட்டி, பஸ்ஸுக்குக் காத்துக் காத்துக் கொட்டாவி விடுகிற ஒரு கூட்டம். கடைசி ஒற்றையில் மூக்குக்கண்ணாடியும் முன்வழுக்கையுமாக ஒருவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, இது ஆர்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, சேர்" என்றான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேர், இப்பிடிக் கீறிச் சீவிக்கலாமோ?" என்றான்.

அவனுடைய தகப்பனார் கடற்றொழிலாளி. சனி, ஞாயிறுகளில் இவனும் வள்ளத்தில் போகிறான். கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதன்று. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேயர்களே, அந்தப் பதிலைத் தேடிப் போன வழியில் ஈழத்து இதழியல் வரலாற்றின் ஒரு பக்கத்தை மீண்டும் புரட்ட நேர்ந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் சிறுவயதில் பெரியப்பாவின் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. காணி உறுதிகளுக்கும் பழைய கடிதங்களுக்கும் அடியில் ஒரு கட்டு 'சிரித்திரன்' சஞ்சிகை. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரியப்பா அதை அவிழ்த்துத் தருவார். எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயதில் எங்களுக்குப் பகிடி முழுவதும் விளங்காது. படத்தைப் பார்த்துத்தான் சிரிப்போம். பெரியவர்களோ படத்தின் கீழுள்ள வரியை வாசித்துவிட்டு வேறு எதற்கோ சிரிப்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு சிரிப்பு இருக்கிறது என்பதை நான் முதலில் அறிந்தது அந்தக் கட்டிலிருந்துதான்.

'சிரித்திரன் சுந்தர்' என்று நாடறிந்த சி. சிவஞானசுந்தரம் 1924 இல் வடமராட்சியிலுள்ள கரவெட்டியில் பிறந்தவர். கட்டடக்கலை படிப்பதற்காகப் பம்பாய்க்குச் சென்றார். அக்காலப் பம்பாய் கேலிச்சித்திரத்துக்குப் பேர்போன நகரம். ஆர். கே. லக்ஷ்மண் அங்கிருந்துதான் 1951 முதல் தமது 'சாமானிய மனிதனை' நாள்தோறும் பத்திரிகையில் நடமாட விட்டார். பின்னாளில் அரசியலில் புகுந்து வேறு விதமாகப் பெயர் பெற்ற பால் தாக்கரேயும் அந்நாளில் அந்நகரத்துக் கேலிச்சித்திரக்காரரே. கட்டடம் வரையப் போன கரவெட்டி இளைஞரின் கை, அந்தச் சூழலில் மனிதரையும் வரையத் தொடங்கியது.

ஆனால் நாடு திரும்பியதும் சோற்றுக்கு வழி காட்டியது மனிதரை வரைந்த கை அல்ல. கொழும்பில் அவர் படவரைஞராகவே உத்தியோகம் பார்த்தார்.

படவரைஞர் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். கணினி வருவதற்கு முன்பு ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு யன்னலும் சாய்ந்த மேசையில் விரித்த கடதாசியில் கையாலேயே கீறப்பட்டன. ஊடுதெரியும் தாள், கறுப்பு இந்திய மை, கோட்டின் பருமனை ஒரு திருகாணியால் கூட்டிக் குறைக்கும் வரைபேனா, மட்டக்கோல் ஆகியவைதான் ஆயுதங்கள். கோடு ஓரிடத்தில் மெலிந்தாலும் பிரதி எடுக்கும்போது அவ்விடம் விழாமற் போய்விடும். ஒரு சொட்டு மை சிந்தினால் சவர அலகினால் மெல்லச் சுரண்டி எடுக்கவேண்டும். காலை முதல் மாலை வரை இதே வேலை. கண்ணும் கழுத்தும் நோகும். அப்படிப்பட்ட ஒருவர் இரவில் வீட்டுக்கு வந்து மறுபடியும் மையையும் கடதாசியையும் எடுத்துக்கொண்டு குந்துவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அப்படிக் குந்தியதில் பிறந்தவர்தான் சவாரித்தம்பர். 'தினகரன்' பத்திரிகையில் வெளிவந்த இந்தச் சித்திரத் தொடர், மாட்டுவண்டிச் சவாரியில் மோகம் கொண்ட ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதரைக் கொழும்புப் பத்திரிகையின் பக்கத்துக்கு அழைத்து வந்தது. கூடவே சின்னக்குட்டியும் வந்தார். அவர்கள் பேசிய பேச்சு ஊர்ப் பேச்சு. ஈழத்து எழுத்தில் மண்வாசனை வேண்டும், பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும் என்று நம் விமர்சகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வாதிட்ட காலம் அது. கட்டுரைகளில் நடந்த அந்த வாதத்தைத் தம்பர் வாசித்திருக்க மாட்டார். வாய் திறந்த அன்றே அவர் அதை முடித்து வைத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். சிறுகதையையும் நாவலையும் வைத்தே மண்வாசனையின் வரலாற்றை எழுதுகிற நாங்கள் இந்தக் கோட்டுச் சித்திரங்களைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டோம். தமிழ் ஆசிரியன் என்ற முறையில் அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

அறுபதுகளின் முற்பகுதியில் அவர் 'சிரித்திரன்' என்ற தமது சொந்தச் சஞ்சிகையைக் கொழும்பில் தொடங்கினார். பிறர் பத்திரிகையில் வாரம் ஒரு சித்திரம் கீறிக் கொடுப்பது வேறு, சொந்தமாக ஒரு நகைச்சுவைச் சஞ்சிகை நடத்துவது வேறு. அட்டைப்படத்திலிருந்து வாசகர் கேள்விகளுக்கு 'மகுடி' என்ற பெயரில் எழுதிய பதில்கள் வரைக்கும் அவரது கைபடாத பக்கம் குறைவு. மிஸ்டரும் மிஸிஸ் டாமோடிரனும், மைனர் மச்சான், மெயில் வாகனத்தார் என்று ஒரு பட்டாளமே அங்கே புறப்பட்டது.

இந்தப் பெயர்களைச் சற்று நின்று கவனியுங்கள். டாமோடிரன் யார்? ஊரில் தாமோதரனாக இருந்து, கொழும்புக்கு வந்து, ஆங்கிலத்தில் எழுதி, அந்த எழுத்தைத் திரும்பத் தமிழில் வாசித்தபோது டாமோடிரனாகிப் போனவர். மெயில் வாகனத்தார் என்ற பெயரில் முருகனுடைய மயிலும் இருக்கிறது, தபால் இரயிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் வாழ்க்கையில் பாதி இந்த இரயிலில்தான் கழிந்தது. கந்தோரில் உட்காராத ஒருவருக்கு, சம்பள நாளையும் லீவு விண்ணப்பத்தையும் விடுமுறை இரயிலின் நெரிசலையும் அறியாத ஒருவருக்கு, இந்தப் பெயர்கள் வாய்த்திருக்குமா? வாய்த்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

கலைஞனின் நேரத்தை உத்தியோகம் தின்றுவிடுகிறது என்று நாங்கள் பொதுவாகக் கவலைப்படுவோம். தின்கிறதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் சுந்தரின் விஷயத்தில் தின்றதற்குப் பதிலாக அது எதையோ வைத்துவிட்டும் போயிருக்கிறது. அவருடைய கோட்டைப் பாருங்கள். அக்காலத்தில் படத்தை அச்சிடுவதென்றால் அதை நாகத் தகட்டில் 'புளொக்' ஆக்கவேண்டும். நிழலும் சாம்பல் நிறமும் கொண்ட படத்துக்குச் செலவு அதிகம், தரங்குறைந்த கடதாசியில் அது அப்பிக்கொண்டும் போகும். தெளிந்த கறுப்புக் கோடு மட்டுமே மலிவாகவும் சுத்தமாகவும் விழும். படவரைஞர் மேசை கேட்டதும் அதைத்தான், புளொக்கும் கேட்டது அதைத்தான். பகல் முழுவதும் சுவருக்குக் கீறிப் பழகிய கை இரவில் தம்பருக்குக் கீறியபோது, எந்தக் கோட்டை விடலாம், எதை விடக்கூடாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

அயலில் உள்ளவர்களையும் பார்ப்போம். ஆங்கிலப் பத்திரிகைகளில் இலங்கை அரசியல்வாதிகளை நடுங்கவைத்த ஓப்ரி கொலெற் தொடக்கத்தில் கொழும்பு றோயல் கல்லூரியில் சித்திர ஆசிரியர். இந்தியாவில் சங்கர் 1948 இல் தமது பெயரிலேயே வாரப் பத்திரிகை தொடங்கி, 1975 இல் அவசரகால நிலை வந்த ஆண்டில் அதை நிறுத்தினார். லக்ஷ்மணுக்கோ பெரும் பத்திரிகை ஒன்றின் சம்பளமும் நாற்காலியும் நிலையாக இருந்தன. கடல்கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், முன்னாள் போர்வீரருக்கான மருத்துவமனையொன்றில் கோப்புகளை அடுக்கும் எழுதுவினைஞராக இருந்தவர் ஹார்வி பீக்கர். அவருக்குப் படம் கீற வராது. கதையை எழுதி, றொபேட் கிறம் போன்ற நண்பர்களைக் கொண்டு கீறுவித்து, 1976 இல் சொந்தச் செலவில் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்ற சித்திரக்கதை இதழை வெளியிடத் தொடங்கினார். கதை எதைப் பற்றி? கோப்பு அடுக்குவதைப் பற்றி, கடையில் வரிசையில் நிற்பதைப் பற்றி, சக ஊழியரின் அலட்டலைப் பற்றி. பெயர் பெற்ற பின்பும் அவர் அந்த வேலையை விடவில்லை. 2001 இல் ஓய்வுபெறும் வரை கோப்புத்தான். மாதச் சம்பளம் இருந்தபடியால் யாருக்கும் பயந்து ஒரு கட்டத்தையும் மாற்றி எழுதவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

சுந்தர் அந்த வழியில் கடைசிவரை போகவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் சிரித்திரன் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. பகல்வேலை, இரவுவேலை என்ற பிரிவு போய், சஞ்சிகையே அவருக்கு முழுநேரத் தொழிலாயிற்று. தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலம் அது. உள்ளூர் இதழ்களுக்கு ஒரு வாசல் திறந்தது. செங்கை ஆழியான், காசி ஆனந்தன் போன்றவர்கள் சிரித்திரனில் எழுதினார்கள். ஈழத்தின் மிக நீண்டகால நகைச்சுவை இதழ் என்ற பெயரும் அதற்கு வாய்த்தது.

இதை வெற்றிக்கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உத்தியோகம் இருந்தவரை சஞ்சிகை நட்டப்பட்டால் சஞ்சிகை மட்டுந்தான் நட்டப்படும், அடுப்பு எரியும். இரண்டும் ஒரே பெட்டியில் விழத் தொடங்கினால், கடதாசி விலை ஏறுகிற ஒவ்வொரு முறையும் அடுப்புக்குத்தான் கேள்வி. அதன்மேல் யுத்தமும் வந்தது. தாள் இல்லை, மின்சாரம் இல்லை, தபால் இல்லை. இரவில் செல் விழும், காலையில் பகிடி எழுதவேண்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்ற கணக்கு வேறு. இடையிடையே நின்றும் தொடர்ந்தும், தொண்ணூறுகள் வரையில் அந்த இதழ் வந்தது என்பதே பெரிய விஷயம். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நடந்தது. அடுத்த ஆண்டு, 1996 இல், சுந்தர் மறைந்தார். 'கார்ட்டூன் உலகில் நான்' என்ற தலைப்பில் அவர் எழுதிய அனுபவங்கள் நூலாக இருக்கின்றன.

செய்கிற தொழிலைத் தெய்வமென்றும் சிரிப்பைச் சீவியமென்றும் கொள்வது சிரித்திரனின் இலட்சிய வாசகமாக இருந்தது. இதில் தொழில் என்று அவர் எதைச் சொன்னார்? பகலிற் செய்த தொழிலையா, இரவிற் செய்ததையா? அந்த வாசகத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழும்.

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி இப்போது இல்லை. 2008 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எங்கள் ஊர் முழுவதும் பெயர்ந்தது. கையில் எடுத்தவை உறுதிகளும் அடையாள அட்டைகளும் ஒரு அரிசி மூட்டையும். சஞ்சிகைக் கட்டை எடுப்போமா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏசுதான் விழுந்திருக்கும். மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை. ஆயினும் 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்துப் பழைய இதழ்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறது. சிரித்திரன் இதழ்களும் அங்கே இருக்கின்றன. மழைக்கால மணம் இல்லை, கறையான் அரித்த ஓரம் இல்லை. ஆனால் தம்பர் இருக்கிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பையனுக்கு என்னுடைய கைத்தொலைபேசியில் அவற்றை எடுத்துக் காட்டினேன். சுந்தரைப் பற்றியும், படவரைஞர் மேசையைப் பற்றியும், கோப்பு அடுக்கிய அமெரிக்கரைப் பற்றியும் சொன்னேன். அவன் என் பேச்சைப் பாதிதான் கேட்டான் என்று நினைக்கிறேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பகிடியை வாசிக்கவே இல்லை.

"சேர், இந்தக் கோடு துவக்கத்தில இருந்து முடிவு மட்டும் ஒரே மொத்தமாப் போகுது. இவர் என்ன பேனாவால கீறினவர்?"

வரைபேனாவைப் பற்றி நான் அறிந்ததைச் சொன்னேன். இப்போது அது எங்கே வாங்கலாம் என்று கேட்டான். மன்னாரிலுள்ள புத்தகக் கடைகளில் விசாரித்துப் பார்ப்போம் என்றேன். சீவிக்கலாமோ என்று அன்று அவன் கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, விடிய மூன்று மணிக்கு வள்ளம் இறக்கவேண்டும் என்று சொல்லிக் கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தான்.