கிளாலிக் கடலும் ஒரு சின்னப் பிளக்கும்

எங்கட கடலைப் பற்றி எழுதுகிறவர்கள் வள்ளத்தை எழுதுவார்கள், வலையை எழுதுவார்கள். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற பிளக்கைப் பற்றி ஒருவரும் எழுதக் காணேல்லை.

படகின் பின்பக்கத்தில் கொழுவுகிற எஞ்சினை ஒலே எவின்றூட் என்பவர் அமெரிக்காவில் 1909 இல் விற்கத் தொடங்கினார். எங்கட பக்கம் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் வந்து, கண்ணாடியிழைப் படகுகளும் செய்யப்பட்டபின் அந்த எஞ்சின் கரையெல்லாம் பரவியது.

பெற்றோல் விலை கூட. ஆகவே பெரும்பாலும் மண்ணெண்ணெய் எஞ்சின்தான். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது; கலந்த ஓயிலும் சேர்ந்து எரியும். பிளக் நுனியில் கரி பிடித்தால் மின்சாரம் பொறியாகப் பாயாமல் கரி வழியே கசிந்துவிடும். நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் சூடேறினால்தான் கரி தானாக எரியும். மெதுவாக ஓடும் படகில் அந்தச் சூடு வராது. அதற்குச் 'சூடான' பிளக் வேணும். பாரத்தோட முழு வேகத்தில் ஓடுவதற்குக் 'குளிரான' பிளக். என்.ஜி.கே.யில் இலக்கம் கூடினால் குளிர். சம்பியனில் கூடினால் சூடு. இதை மாறி விளங்கிப் போட்டால் பிஸ்டனே ஓட்டையாகலாம்!

1990 இல் திரும்பவும் சண்டை தொடங்க, வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டது. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடுப்பட, சனம் கிளாலியால் இரவில் கடலேரியைக் கடந்தது. ஒரு எஞ்சின் படகின் பின்னால் கயிற்றில் கட்டிய வேறு படகுகளும் போகும். 1993 ஜனவரி 2 ஆம் திகதி கடற்படை தாக்கிப் பொதுமக்கள் பலர் அந்தக் கடலில் செத்தார்கள். அப்படியான இடத்தில் நடுவழியில் எஞ்சின் நின்றால் என்ன என்பதை, அதால் வந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓட்டி கயிற்றை இழுக்க இழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

விசயம் தெரிந்த ஓட்டி கரையிலேயே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான். நுனி பால் தேத்தண்ணி நிறமென்றால் நல்லது. கறுத்து ஈரமாயிருந்தால் கரி. வெள்ளையாய் வெந்திருந்தால் சூடு கூடிவிட்டது. கம்பித் தூரிகையால் துடைத்துப் பெற்றோலில் கழுவ வேணும். (அந்த நாளில் பெற்றோலுக்கு எங்கே போவது!) மண்கடதாசியால் தேய்த்தால் துகள் உள்ளே தங்கிவிடும். இடைவெளி பல எஞ்சின்களுக்கு 0.6 மில்லிமீற்றர்தான்; ஆனாலும் எஞ்சின் புத்தகத்தைப் பார்த்தே வைக்க வேணும். உப்புக்காற்றில் மரை இறுகாமல் அடிக்கடி கழற்றிப் பூட்டுவதும் நல்லது.

1996 ஏப்ரலில் கிளாலி இராணுவத்திடம் போனது. சங்குப்பிட்டியில் பாலம் திறந்தது 2011 ஜனவரியில். இப்போது அந்தத் தண்ணியைச் சனம் பஸ்ஸில் கடக்கிறது.