லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலும் அதைக் காண வந்தோரும்

தெருவோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத தாமஸ் கோரம் என்னும் முன்னாள் கப்பல் தலைவர், 17 ஆண்டுகள் முயன்று 1739இல் அரச சாசனம் பெற்றதன் பயனாக, ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் எனும் குழந்தைகள் காப்பகம் 1741 மார்ச்சில் லண்டனில் திறக்கப்பட்டது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளை வளர்ப்பது ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோவதாகும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்ததால் தொடக்கத்தில் ஆதரவு எளிதில் கிட்டவில்லை. உயர்குடிப் பெண்கள் 21 பேர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

குழந்தையை ஒப்படைத்த தாய், பின்னாளில் மீட்க வந்தால் அடையாளம் காட்டுவதற்கென, வெட்டிய நாணயத்தையோ பூப்போட்ட துணித்துண்டையோ விட்டுச்சென்றாள். இடம் போதாமையால் 1742 முதல் தாய்மார் பையில் கைவிட்டுப் பந்து எடுக்க நேர்ந்தது. வெள்ளைப் பந்து வந்தால் பிள்ளைக்கு இடமுண்டு, கறுப்பு வந்தால் பிள்ளையோடு திரும்பவேண்டும் என்ற அம்முறை நெஞ்சை உலுக்குவதாகும்.

ஓவியர் ஹோகார்த் அளித்த ஓவியங்களும், 1750இல் காப்பகத் தேவாலயத்தில் ஹாண்டெல் நிகழ்த்திய ‘மெசையா’ இசைப்படைப்பும் செல்வர்களை அங்கு ஈர்த்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் பாடுவதையும் உண்பதையும் பார்க்க வந்தோர், பழியின் வடிவமாகப் பேசப்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கண்டனர். எனினும் அந்தக் கனிவு தாய்மாரை எட்டவில்லை; 19ஆம் நூற்றாண்டில், முதற்பிள்ளையைப் பெற்றவளும் அதற்குமுன் நன்னடத்தை உடையவளுமான தாயின் குழந்தையே அங்கு ஏற்கப்பட்டது.