பனியில் படிந்த பழுப்பு

வெண்மையை வெறுமையோடு இணைத்துப் பாடுவது கவிஞர்க்குப் பழகிய மரபு. துருவக் கடல்களின் பனிப்பரப்பையும் உலகம் நெடுங்காலம் அவ்வாறே கண்டது. உயிரற்றது எனக் கருதப்பட்ட அப்பனிக்குள் ஒரு மேய்ச்சல் நிலமே அடங்கியுள்ளது என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த அறிவின் வரலாறு, அழுக்கென்று ஒதுக்கத்தக்க ஒரு பழுப்புக் கறையை உற்று நோக்கியவர்களின் வரலாறாகும்.

1839 இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து தென்துருவக் கடல் நோக்கிப் புறப்பட்டன. எரிபஸ் கப்பலில் துணை மருத்துவராகச் சென்ற ஜோசப் டால்டன் ஹூக்கருக்கு அப்போது வயது 22. அலை மோதும் பனிக்கட்டிகளில் வெளிறிய காவி நிறம் ஏறியிருந்ததை அவர் கண்டார். நுண்ணோக்கியில் அக்கறை எண்ணிறந்த டயாட்டம்களாகப் பிரிந்து தெரிந்தது. ஒற்றை அணுவறையும் சிலிக்கா ஓடும் கொண்ட நுண்பாசிகள் அவை.

பயணத்தில் திரட்டிய மாதிரிகள் பெர்லினில் வாழ்ந்த எரன்பர்க்கிடம் சென்றன. நுண்ணுயிர் ஆய்வில் அக்காலத்தின் பேரறிஞர் அவர். டயாட்டம்களை அவர் விலங்குகள் என்றார். பல இரைப்பைகள் உடையன என்றும் நம்பினார். ஹூக்கரோ அவற்றைத் தாவரம் என்றார். இது வெறும் பெயர் பற்றிய பூசலன்று. விலங்காயின், அவை உண்பதற்கு வேறொன்று வேண்டும். தாவரமாயின், அவையே பிறவற்றிற்கு உணவாகும். புல் பூண்டற்ற தென்கோடிக் கடலில் உயிரினங்கள் எதனைச் சார்ந்து வாழ்கின்றன என்னும் வினாவுக்கு ஹூக்கரின் கருத்தே விடை தந்தது. பெரும்புகழ் பெற்றவரின் கூற்றினும் இளைஞரின் கூற்றே நிலைத்தது.

வடதுருவத்தில் இப்பணியைத் தொடர்ந்தவர் நார்வே நாட்டு நான்சென். அவருடைய ‘பிராம்’ கப்பல் 1893 இல் பனியில் சிறைப்பட்டு, 1896 வரை அதனோடு மிதந்து சென்றது. 1894 கோடையில், பனிமேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைகளில் பழுப்புத் திரள்களைக் கண்டு, அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்வதில் அவர் ஈடுபட்டார். அப்பயணத்தின் டயாட்டம்களைப் பற்றிய கிரானின் ஆய்வு 1904 இல் வெளியாயிற்று.

கடல்நீர் ஏறத்தாழ −1.8 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். அப்போது உப்பு பனிப்படிகத்துள் அடங்குவதில்லை. செறிந்த உவர்நீராகி, மெல்லிய கால்வாய்களில் தங்கிவிடும். அக்கால்வாய்களே பாசியின் இல்லம். பனியின் அடிப்பகுதியில், சில சென்டிமீட்டர் தடிப்பிலேயே அது மிகுதியாகத் தழைக்கும். மேற்பரப்பில் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட எட்டாத இடத்திலும் அது ஒளிச்சேர்க்கை செய்யும். அதற்கு உதவும் பழுப்பு நிறமியே கறையின் காரணம்.

இவ்வுணவின் அளவு 1960களில்தான் முறையாகக் கணக்கிடப்பட்டது. ஆர்க்டிக் பனியின் பச்சைய அளவை அப்பொலோனியோ 1961 இலும், அண்டார்டிகப் பனிப்பாசியின் உற்பத்தியை ஜான் பண்ட் 1963 இலும் ஆராய்ந்து வெளியிட்டனர். அலாஸ்காவில் பல்லாண்டு உழைத்த ரீட்டா ஹார்னர் பதிப்பித்த கடற்பனி உயிரிகள் பற்றிய நூல் 1985 இல் வந்தது. தெற்கே கிரில் என்னும் இறாலனைய சிற்றுயிர் குளிர்காலத்தில் பனியின் அடியை மேய்கின்றது. கிரிலைத் திமிங்கிலமும் பென்குயினும் உண்கின்றன. வடக்கே கலானஸ் என்னும் சிற்றுயிர், பனிப்பாசி தழைக்கும் வேளையை ஒட்டி முட்டையிடுகின்றது.

இப்பாசி தன் வரலாற்றைத் தானே எழுதியும் வைக்கின்றது. ஆர்க்டிக் பனியில் வாழும் சில டயாட்டம்கள் 25 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு பொருளை உண்டாக்குகின்றன. அது கடலடிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டு அழியாதிருக்கும். அதனைக் கொண்டு பண்டைக் காலத்தில் பனி எங்கெங்கு இருந்தது என்று அறியலாம் என்பதை, பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட்டும் குழுவினரும் 2007 இல் எடுத்துரைத்தனர்.

2012 இல் ‘போலார்ஸ்டெர்ன்’ கப்பலில் சென்ற ஆய்வாளர்கள், பனியின் அடியில் சடைசடையாகத் தொங்கும் மெலோசிரா பாசி, 4000 மீட்டருக்கும் ஆழமான கடலடியில் திரள்திரளாக வீழ்ந்து கிடப்பதைக் கண்டனர். பனி மெலிந்து உருகியதே அதன் காரணம். அவ்வாண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் பனிப்பரப்பு ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று. 1979 இல் தொடங்கிய செயற்கைக்கோள் அளவீட்டில் அதுவரை காணாத குறைவு அது.

பனி மெலிந்தால் ஒளி மிகும்; பாசி சிலகாலம் செழிக்கும். பனியே இல்லையெனில் அதற்கு இல்லமில்லை. உருகும் பருவம் முந்தினால், தழைப்பு ஒரு காலத்திலும் முட்டை மற்றொரு காலத்திலுமாகப் பிரிந்துபோகும். ஹூக்கர் கண்ட கறையை உணவென்று அறிந்து, அளந்து முடிப்பதற்குள், அது படிந்திருந்த பனி குறையத் தொடங்கிவிட்டது. அது எங்கெங்கு பரவியிருந்தது என்பதைச் சொல்ல, கடலடிச் சேறு எஞ்சியிருக்கும்.